சீட்டுக்கு அடியில் ஒரு பை

இன்று ராமேஸ்வரம் பேருந்தில் என் பக்கத்தில் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். தீவிரவாதத் தடுப்புப் பயிற்சி முடித்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்.

"வருஷா வருஷம் போகணும் சார். போனாத்தான் புரமோஷனுக்கு மார்க்" என்றார்.

உச்சிப்புளி தாண்டியதும், சீட்டுக்கு அடியில் கிடந்த ஒரு பையைக் காட்டி யாருடையது என்று கண்டக்டர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. பையிலிருந்து வயர் நீட்டிக்கொண்டிருந்தது.

"கை வைக்காதீங்க! எல்லாரும் எறங்கி அங்கன தள்ளிப் போங்க!" என்று சப்-இன்ஸ்பெக்டர் கத்தினார்.

எங்களை விரட்டிவிட்டு, அவர் மட்டும் பேருந்தின் அருகே நின்று எதிரே வந்த வண்டிகளை மறித்தார். நடுவில் வீட்டுக்குப் போன் போட்டார்.

"பாப்பா சாப்பிட்டாளா? ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்."

வெடிகுண்டு நிபுணர்கள் வந்து பையைத் திறந்தார்கள். படகு விளக்குக்கு வாங்கிய பேட்டரி. யாரோ மறந்து இறங்கியிருக்கிறார்கள்.

கூட்டம் சிரித்தது. "இதுக்கா எங்கள வெயில்ல நிக்க வச்சீங்க?" என்று ஒருவர் அவர் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

அவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் பாட்டிலின் மூடியை இரண்டு மூன்று முறை திருகிப் பார்த்தார்; திறக்கவில்லை. நான் திறந்து கொடுத்தேன்.

"பிள்ளைக்கு ரெண்டு வயசு சார்" என்றார்.

இன்னொரு நாள் இன்னொரு பையைப் பார்த்தால் அவர் கத்துவாரா? நீங்களே சொல்லுங்கள்.