இழுக்க முடியாத குழாயடிப் பாட்டு

தகர வாளியின் அடியில் தண்ணீர் முதலில் விழும்போது கணீரென்றும், நிறைய நிறையத் தொண்டை கட்டினாற்போலவும் ஒலிக்கும். அந்தச் சத்தத்தைக் கேட்டபடி, சிங்கப்பூர் தேக்காச் சந்தைக்குப் பின்னால் எங்கள் சந்துக்கு இருந்த ஒற்றைக் குழாயடியில் வரிசையின் கடைசி ஆளாக நான் நிற்பேன். கடிகாரம் யாரிடமும் இல்லாததால் பாட்டுதான் அளவு. தாங்களே மூன்று தரம் பாடி முடிப்பதற்குள் ஒரு வீட்டார் பிடித்துக்கொள்ள வேண்டும், பிறகு "அடுத்த வாளி". பொழுது சாய்ந்தால் தண்ணீர் நூலாகிவிடும். வேலை முடிந்து வரும் அம்மா வெறும் வாளியைப் பார்த்துவிட்டு, உலை வைக்காமல் உட்கார்ந்திருப்பாள்.

பழைய பாட்டு "வாயோ தண்ணியோ" என்று முடியும். கண்ணம்மா அக்கா அந்த "யோ"வைக் குடமும் நிறைந்து கால் கழுவி முடிக்கும்வரை இழுப்பார்.

"என்னடி, பாட்டா ரயிலா?" என்றார், மாதா கோயிலில் பாடும் ஆரோக்கியம் அக்கா.

"என் குரல் நீளம்லா, நான் என்ன பண்றது?"

ஆரோக்கியம் அக்கா திரும்பி என் வெறும் வாளியைப் பார்த்தார். மறுநாள், "இனிமே இதான் பாட்டு" என்று சொல்லிப் பாடினார்:

கொட்டு தண்ணி கொட்டு
வட்ட வாளி தொட்டு
தட்டி மூடு தட்டு
விட்டு விலகு விட்டு

நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள்தான். ஆனாலும் இந்தப் பாட்டின் கட்டுமானம் எனக்குத் தெரியும். ஒவ்வொரு வரியும் தொடங்கும்போதும் முடியும்போதும் "ட்"டில் இடித்து நிற்கிறது. "யோ"வை இழுக்கலாம், "ட்டு"வை எப்படி இழுப்பது? "விலகு" என்ற சொல் மட்டும் நகர்கிற காலைப் போலக் குடுகுடுவென்று ஓடும். கடைசி "விட்டு" முடியும் மூச்சிலேயே அடுத்தவரின் "கொட்டு" பிறந்துவிடும், குழாய் சும்மா ஓடாது.

கண்ணம்மா அக்கா "கொட்டூ" என்று இழுத்துப் பார்த்தார். கழுதை கத்தினாற்போல இருந்தது. வரிசையே சிரித்தது, அவரும் சிரித்துவிட்டார்.

"நல்லா பூட்டுப் போட்டுட்ட, போ."

அன்று என் வாளி விளிம்புவரை நிறைந்தது. அம்மா உலை வைத்தாள்.

அந்தச் சந்தும் இல்லை, குழாயடியும் இல்லை. செங்காங் அடுக்குமாடி வீட்டில் பாத்திரம் கழுவும்போது இன்றும் மூன்று தரம் பாடித்தான் குழாயை மூடுகிறேன். "விட்டு" என்றதும் கால் தானாக விலகிக்கொள்கிறது, பின்னால் வாளியோடு யாரும் நிற்கவில்லை என்றாலும்.