பூவரசம் பூவும் போர் தண்ணீரும்

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்தேன். கணவருக்குக் கடலோரத்தில் வேலை. குவார்ட்டர்ஸிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். மகளுக்கு இரண்டு வயது. இந்த லட்சணத்தில் எம்.பில். வேறு. பூவரசம் பூ காலையில் மஞ்சளாகப் பூத்து, சாயங்காலம் சிவந்துவிடும். அதில் என்னென்ன நிறமிகள் என்று பிரித்துப் பார்ப்பதுதான் என் ஆய்வு.

சனிக்கிழமைகளில் கல்லூரி ஆய்வகம். குவார்ட்டர்ஸ் மரத்தில் பறித்த மஞ்சள் பூவையும் சிவந்த பூவையும் தனித்தனியே மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து நிறத்தைக் குறித்துக்கொள்வேன். ரசாயன நெடி புடவையில் ஏறிவிடும். திரும்பும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி முகத்தைத் திருப்பிக்கொள்வாள். எனக்குத் தலைவலியோடு தூக்கமும் வரும்.

சிவந்த பூவிலிருக்கும் ஆந்தோசயனின் அமிலத்தில் சிவக்கும், காரத்தில் நீலமாகும். தண்ணீர் சேர்த்தால் இரண்டுக்கும் நடுவில்தான் நிற்க வேண்டும். என் சாறோ ஒவ்வொரு முறையும் நீலம் பாரித்தது. மண்ணிலுள்ள உப்பு, கடல் காற்று என்று காரணங்கள் தேடிப் பதினான்கு பக்கம் எழுதினேன்.

ஒரு நாள் டிஸ்டில்டு வாட்டர் கேன் காலியாக இருந்தது. ஆய்வக உதவியாளராக இருந்த பெண்மணியிடம் கேட்டேன். குழாயடிக்குப் போய் நிரப்பிக்கொண்டு வந்தார்.

"இது போர் தண்ணியாச்சேம்மா?"

"அந்த வாட்டர் மெஷின் புட்டுகினு ஆறு மாசம் ஆவுது டீச்சர். இத்தத்தான் ஊத்தி வெக்கிறேன். யாரும் கேக்கல."

அவர் மேல் கோபம் வரவில்லை. காலை ஏழு மணியிலிருந்து நின்றுகொண்டே இருப்பவர். நானும் ஒரு தடவைகூட அந்தத் தண்ணீரில் காரம் இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கவில்லையே. வகுப்பில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே அதைத்தான்.

வழிகாட்டிப் பேராசிரியர், எல்லா அளவுகளும் ஒரே மாதிரிதானே வந்திருக்கின்றன, அப்படியே எழுதிவிடுங்கள் என்றார். மனம் ஒப்பவில்லை. பதினான்கு பக்கத்தையும் கிழித்துப்போட்டேன். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி, மறுபடி முதலிலிருந்து பூப் பறித்தேன். இந்த முறை சாறு நீலம் பாரிக்கவில்லை. ஆய்வு ஒன்றரை வருடம் தள்ளிப்போனது.

வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். பூ எதற்காக நிறம் மாறுகிறது?

"தெரியலை சார்," என்றேன்.

தலையசைத்துக் கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து, புடவைகூட மாற்றாமல் மகள் பக்கத்தில் படுத்துத் தூங்கிவிட்டேன்.