ரேணுகா விட்ட இரண்டு ஓட்டை

மரக்காணத்தில் வெறும் ரேணுகா என்று விசாரித்தால் யாருக்கும் சட்டென்று தெரியாது. 'அடுப்பு ரேணுகா' என்று கேட்டால் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுவார்கள். கேஸ் ஏஜென்சியில், வீடு வீடாகப் போய் ரப்பர் டியூப் நன்றாக இருக்கிறதா என்று பார்த்து எழுதிக்கொண்டு வரும் வேலையில் சேர்ந்தவள் அவள். எழுதுவதோடு நிற்காமல் பர்னரையும் கழற்றிப் பார்க்க ஆரம்பித்தாள். இப்போது ஸ்கூட்டியும் ஸ்பேனர் பையுமாகத் தனித் தொழில். புருஷன் தமிழ்வேந்தன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். ஏறுகிற ஆளிடம் பெண்டாட்டியின் போன் நம்பரைச் சொல்லாமல் இறக்கிவிட மாட்டான்.

போன தை மாதம் உப்பள முதலாளி சிவஞானம் கூப்பிட்டார்.

"பாத்தியில வேலை செய்ற பொம்பளைங்களுக்குக் குளிக்கிற ரூம் ஒண்ணு கட்டியிருக்கேம்மா. கேஸ் கீசரும் வாங்கிட்டேன். வந்து மாட்டிக் குடு."

ரேணுகா போய்ப் பார்த்தாள். பதினாலு பெண்கள். விடியற்காலையில் இறங்கி உப்பு வாரி, முட்டி வரைக்கும் உப்புத்தண்ணீர் காய்ந்து வெள்ளை பூத்த காலோடு பஸ் ஏறுகிறவர்கள். பித்தவெடிப்பில் உப்பு ஏறினால் வீடு போய்ச் சேரும் வரைக்கும் எரியும். அதனால் அந்த ரூமைப் புதுப்பெண்ணைப் பார்க்கிற மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். இரும்புக் கதவு. ஒரே ஒரு ஜன்னல். அதிலும் பிளைவுட் அடித்து மூடியிருந்தது.

"இங்க, ஷவர் பக்கத்துல மாட்டிடு. வெளிய வெச்சா உப்புக்காத்துல துரு புடிச்சிடும்" என்றார் சிவஞானம்.

"உள்ள மாட்ட மாட்டேங்கய்யா" என்றாள் ரேணுகா.

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஈ.சி.ஆர். ரோட்டில் ஒரு விடுதியில் கீசரை சர்வீஸ் பண்ணப் போயிருந்தாள். அடுத்த ரூமில் குளிக்கப் போன ஒரு பெண் வெகுநேரம் வெளியே வரவில்லை. கதவை உடைத்துத் தூக்கிவந்து காற்றில் போட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தாள். அடைத்த ரூமுக்குள் எரிந்த கீசர் இருந்த காற்றையெல்லாம் தின்றுவிட்டு, விஷக்காற்றைக் கக்கியிருந்தது. அதை ரேணுகா விளக்கிச் சொன்னதும் சிவஞானம், "எப்படி வைக்கணுமோ அப்படி வையும்மா" என்றார்.

ஜன்னல் பிளைவுட்டைக் கழற்றப் போனபோதுதான் கொளஞ்சியம்மாள் குறுக்கே வந்தாள். அந்தப் பதினாலு பேருக்கும் அவள்தான் வாய்.

"அதை அடிச்சதே நாங்கதாம்மா. உப்பு ஏத்த வர்ற லாரிக்காரன்லாம் இந்தப் பக்கந்தான் போறான். தொறந்து வெச்சிக்கினு எப்டி குளிக்கிறது?"

நியாயமான கேள்விதான். ரேணுகா யோசித்துவிட்டு, அந்த ஜன்னலைச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னாள். எதிர்ச்சுவரில், ஆள் உயரத்துக்கு மேலே, சாய்வாகக் கண்ணாடிப் பட்டை போட்ட வென்டிலேட்டர் ஒன்று வைத்தாள். வைத்த பிறகு கொளஞ்சியம்மாளிடமே சொன்னாள்: "நீயே வெளிய நின்னு எட்டிப் பாருக்கா."

கொளஞ்சியம்மாள் உப்புக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஏறினாள். பத்தவில்லை. இன்னொரு கூடை போட்டார்கள். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, எம்பி எம்பிப் பார்த்தாள்.

"இன்னாக்கா தெரியுது?"

"சீலிங்கு. ஒரு பல்லி."

சிரித்த சிரிப்பில் பிடித்திருந்தவர்கள் கையை விட, கொளஞ்சியம்மாள் நனைந்த மணலில் உட்கார்ந்தாள். அவளும் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

கீசருக்கு வெளிச்சுவரை ஒட்டிச் செங்கல்லில் ஒரு சின்ன அலமாரி. உப்புக்காற்று நேராகப் படாமல் தகரக் கதவு. நல்ல காற்று உள்ளே போகக் கீழே ஒரு ஓட்டை, சூடு வெளியேற மேலே ஒரு ஓட்டை. புகைக்குத் தனியாகக் குழாய், வென்டிலேட்டருக்கு எட்டாத பக்கமாக, கூரைக்கும் மேலே. முதல் நாள் குளித்துவிட்டு வந்தவர்கள் மஞ்சள் முகத்தோடு வரப்பில் வரிசையாக உட்கார்ந்து தலை உலர்த்தினார்கள். பஸ் வந்தது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை.

இருபது நாள் கழித்து ரேணுகா சும்மா பார்த்துவிட்டுப் போக வந்தாள். அலமாரியைத் திறந்தாள். நீலமாக எரிய வேண்டிய தீ மஞ்சளாக ஆடியது. மேலெல்லாம் கரி. கீழ் ஓட்டையில் யாரோ சாக்கைச் சுருட்டித் திணித்திருந்தார்கள். உடனே கேஸை மூடினாள். உள்ளே குளித்துக்கொண்டிருந்த மலர்கொடி என்ற பெண்ணை வெளியே வரச் சொன்னாள்.

"யாருக்கா இதை அடைச்சது?"

எல்லோரும் கொளஞ்சியம்மாளைப் பார்த்தார்கள்.

"நாந்தான்" என்றாள் கொளஞ்சியம்மாள். "கடக்காத்து அடிச்சா அணைஞ்சி போவுதும்மா. மூஞ்சில சோப்பு போட்டுக்கினு நிக்கிறோம், பச்சத்தண்ணியா கொட்டுது."

திட்டத்தான் வாயெடுத்தாள் ரேணுகா. ஆனால் குனிந்து ஓட்டைக்கு நேரே கையை நீட்டியதும் கடல்காற்று உள்ளங்கையில் மொத்தென்று வந்து அறைந்தது. அவள் ஓட்டை விட்டது அமைதியான ஒரு மத்தியான நேரத்தில். காற்று எந்தப் பக்கமிருந்து வரும் என்று இங்கேயே கிடக்கிறவர்களைக் கேட்கத் தோன்றவில்லை.

"தப்பு எம்மேலயும் இருக்குதுக்கா" என்றாள். "ஆனா அடைக்கக் கூடாது. கீசருக்கு மூச்சு முட்டினா அது கக்குற காத்துக்கு வாசனையே கெடையாது. உள்ள வந்தாலும் நமக்குத் தெரியாது. அணைஞ்சா எனக்குப் போன் பண்ணு."

"சரி, இப்ப இன்னா பண்ணலாம்?"

ஓட்டைக்கு ஒரு சாண் முன்னால் முழங்கால் உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் போதும் என்றாள் ரேணுகா. காற்று சுவரில் மோதி வேகம் குறைந்து, இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டு உள்ளே போகும். கொத்தனாருக்குக் காத்திருக்கவில்லை. மீதிச் செங்கல்லும் அரை மூட்டை சிமெண்டும் அங்கேயே கிடந்தன. வருஷா வருஷம் களிமண் மிதித்து வரப்புப் போடுகிற கைகள். அரைமணி நேரத்தில் சுவர் நின்றது. ரேணுகா கரியைச் சுரண்டி, பர்னரைத் துடைத்து மாட்டினாள். அடித்த காற்றில் முந்தானைகள் படபடத்தன. தீ மட்டும் அசையாமல் நீலமாக எரிந்தது.

முழங்கை வரைக்கும் கரியும் சிமெண்டுமாகக் கிளம்பியவளின் ஸ்கூட்டி சாவியை மலர்கொடி பிடுங்கிக்கொண்டாள். கொளஞ்சியம்மாள் தன் துண்டையும் சோப்பையும் நீட்டினாள்.

"எத்தினி வீட்ல மாட்டியிருக்க, ஒரு நாளாவது குளிச்சியா நீ?"

ரேணுகா வீட்டில் கீசர் கிடையாது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். குழாயைத் திறந்ததும் சுவருக்கு அந்தப் பக்கம் 'டப்' என்று தீ பிடித்துக்கொண்டது. வெந்நீர் தோளில் விழுந்தபோது தன்னையறியாமல் பாட ஆரம்பித்தாள். வெளியே இருந்த பதினாலு பேரும் அவளோடு சேர்ந்துகொண்டார்கள்.