மாசியும் மீன்தான்

இரண்டு கிழமைக்கு மீன் கூடாது என்று டொக்டர் சொன்னபோது என் மனுசன் சிரித்தார். மன்னாரில் பிறந்து, மீசை முளைக்க முதலே கடலுக்குப் போன ஆளிடம் சொல்லுகிற கதையா இது?

கழுத்தில் புற்றுநோய் என்று தைரொயிட்டை வெட்டி எடுத்தாயிற்று. மிச்சம் ஏதும் ஒட்டிக்கிடக்கிறதா, வேறிடத்துக்குப் பரவிவிட்டதா என்று பார்க்கக் கொழும்பில் ஒரு படம் எடுக்கவேண்டும். கதிர்வீச்சுள்ள அயடினை விழுங்கத் தருவார்கள். மிச்சமிருக்கும் தைரொயிட் அதை இழுத்துக்கொள்ளும். அந்த இடம் படத்தில் தெரியும். உடம்பில் முன்னமே அயடின் நிறைந்திருந்தால் இழுக்காது. அதனால்தான் மீன், கருவாடு, முட்டை, பால், அயடின் கலந்த உப்பு எல்லாவற்றுக்கும் தடை. தினமும் போடும் தைரொக்சின் குளிசையையும் நிறுத்திவிட்டார்கள்.

"விளங்குது டொக்டர். பசியோட இருந்தாத்தானே தூண்டிலைக் கடிக்கும்," என்றார் இவர். டொக்டருக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

விளங்கி என்ன பிரயோசனம்! குளிசை நின்றதும் ஆள் முகம் ஊதி, கொளுத்துகிற வெய்யிலிலும் குளிருது என்று போர்த்திக்கொண்டு கதிரையிலேயே கிடந்தார். கடலுக்குப் போகமுடியாதவன் வீட்டுக்குக் கறிக்கு மீன் கொடுத்தனுப்புவது எங்கள் கரை வழக்கம். ஒவ்வொரு வள்ளமும் வர, படலையில் ஒரு பை தொங்கும். "டொக்டர் மறிச்சுப்போட்டார் தம்பி, கொண்டுபோங்கோ," என்று சொல்லிச் சொல்லி என் வாய் உளைந்துவிட்டது. "ஒரு துண்டு திண்டா என்ன செய்யும் அக்கா?" என்று கேட்காத ஆளில்லை. என்ன சனமப்பா!

இதற்குள் ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம் வேறு. வெள்ளிக்கிழமை இறைச்சி தொடமாட்டார்.

"அப்ப நான் என்னத்தைத் தின்னுறது? புல்லையோ?"

"ஓம், புல்லைத்தான்! வாயை மூடிக்கொண்டு தின்னுங்கோ."

கடைசியில் சம்பல்தான் கைகொடுத்தது. சம்பல் இருந்தால் இரண்டு கோப்பை சோறு இறங்கும். நாள் தவறாமல் இடித்துக் கொடுத்தேன்.

கொழும்பு ஆஸ்பத்திரியில் தமிழ் பேசுகிற தாதி மிஸ்ஸி ஒருத்தி எங்களை இருத்தி, இவர் என்ன சாப்பிட்டவர் என்று விசாரித்தாள். சோறு, பூசணிக்காய், கத்தரிக்காய், சம்பல் என்று பெருமையாக ஒப்புவித்தேன்.

"சம்பலுக்கு என்ன போட்டனீங்கள்?"

"தேங்காய்ப்பூ, செத்தல் மிளகாய், வெங்காயம், தேசிக்காய், மாசி."

"மாசியோ! ஐயோ அம்மா, மாசி மீன்தானே?"

மாசி காயவைத்த சூரை மீன் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் எங்கள் குசினியில் அது மிளகு சீரகத்தோடு போத்தலில் இருக்கிற சாமான். அதை எவள் மீன் கணக்கில் சேர்ப்பாள்? கடலுணவு கூடாது என்று கொட்டை எழுத்தில் அச்சடித்து டொக்டர் தந்த கடதாசியில் மாசி என்று ஒரு சொல் போட்டால் கை முறிந்துவிடுமா?

மிஸ்ஸி உள்ளே போய் டொக்டரிடம் கேட்டுக்கொண்டு வந்தாள். "இண்டைக்கு எடுத்தா அந்தப் படத்தை நம்பேலாது. வீட்டுக்குப் போய் ரெண்டு கிழமை கழிச்சு வாங்கோ. அதுவரைக்கும் குளிசையும் போடக் கூடாது."

இன்னும் இரண்டு கிழமை இந்த ஊதின முகத்தோடு, இந்தக் குளிரோடு. என் கையாலேயே செய்த வேலை. திரும்பிவந்த பஸ்ஸில் புத்தளம் தாண்டும்வரை என்னையும் திட்டி, கடதாசியையும் திட்டி ஓய்ந்தேன்.

"இஞ்சேர்," என்றார் இவர். "மாசி போடுறாய் எண்டு எனக்கு முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சோ? பிறகேன் வாயைத் திறக்கேல்லை, பாவி மனுசா!"

அவர் போர்வையை இழுத்துக்கொண்டார். "படம் எடுத்தா, நோய் வேற எங்கயும் போயிருந்தாத் தெரிஞ்சிடுமே."

வந்த ஆத்திரத்துக்கு ஆளைப் பஸ்ஸால் இறக்கிவிட்டிருப்பேன். ஆனால் வீட்டுக்குப் போகச் சொல்லி மிஸ்ஸி சொன்ன நேரம் என் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று எனக்குத்தானே தெரியும்.

"எனக்கும் அப்பாடா எண்டுதான் இருந்தது," என்றேன்.

வீடு வந்ததும் மாசிப் போத்தலைக் கொண்டுபோய் அடுத்த வீட்டில் கொடுத்தேன். மறுநாள் சம்பலை நாக்கில் வைத்த மனுசன் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு குனிந்து கோப்பைச் சோற்றை முடித்தார்.