வித்துராவில் என் இடது உதடு

வித்துரா என்ற மலையடி ஊரின் கல்யாண மண்டபத்துப் பின்வாசலில், வரவேற்பு தொடங்க இருபது நிமிடம் இருக்கும்போது, என் வாயின் இடது பாதி செத்துப்போனது. தண்ணீர் குடித்தேன். வலது பக்கத்துத் தண்ணீர் தொண்டைக்குப் போனது, இடது பக்கத்துத் தண்ணீர் சட்டைக்குப் போனது.

ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு வாய் ஒரு பக்கம் மட்டும் போனால் அது என்ன என்று ஊருக்கே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்த அந்த நொடியில் இடது கையும் மரத்தது. அப்புறம் இடது கால். மூக்குக்கண்ணாடியின் இடது சில்லுகூட மங்கிவிட்டதுபோல் இருந்தது.

இத்தனைக்கும் அன்று நான்தான் மெயின். எங்கள் பேண்டில் ஐந்து பேர், ஒருவரும் தொழில்காரர் இல்லை. நான் சாலை என்ற கடைத்தெருவில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன், பேண்டில் இரண்டாவது சாக்ஸபோன். முதல் சாக்ஸபோன் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், எங்களுக்கு அவர் 'சார்'. ஞாயிறு காலை வலியசாலையில் அவர் வீட்டு மாடியில் ஒத்திகை. அரை மணி நேரம் வாசிப்போம், ஒன்றரை மணி நேரம் ரசவடை, பழம்பொரி என்று தின்போம். பாட்டின் பேர் யாருக்கும் நினைவிருக்காது. "அன்னைக்குப் பழம்பொரி ஆறிப்போச்சே, அந்தப் பாட்டை எடுங்க" என்றால் ஐந்து பேரும் சரியாக எடுப்போம்.

சாருக்கு ஒரே ஒரு சட்டம்: மேடைக்கு முன்னால் சோறு கிடையாது. ஒருமுறை கீபோர்டுக்காரரின் ஏப்பம் மைக் வழியாகக் கோயில் மைதானம் முழுக்கக் கேட்டது. அன்று வந்த சட்டம்.

அன்றைய கல்யாணம் சாருடைய மகளுக்கு. "பட்டு வேட்டி கட்டிட்டு அப்பாவா நில்லுங்க, குழலைத் தொட்டீங்கன்னா பாருங்க" என்று அவர் மனைவி சொல்லிவிட்டதால், பெண் வாசலில் இருந்து மேடைக்கு நடந்து வரும்போது வாசிக்க வேண்டிய மெட்டு என் தலையில் விழுந்தது. அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் தினமும் காலையில் சார் வாசித்து அவளை எழுப்பிய மெட்டு அது. அவளே கேட்டது.

"மாமா, நீங்க சொதப்பினா நான் அப்படியே திரும்பிக் காருக்குப் போயிருவேன், பார்த்துக்கோங்க" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு பொறுப்புள்ளவன் வழியில் என்ன செய்தான்? டிரம்ஸ்காரனோடு ஒரு ஓலைக் கூரைக் கடையில் மரவள்ளிக் கப்பக்கிழங்கு தின்றான். தொட்டுக்கொள்ள, காந்தாரி என்ற சின்ன ஊசிமிளகாயை அரைத்த சம்மந்தித் துவையல். "அண்ணா, காந்தாரியாணு கேட்டோ, பதுக்கெ" என்று, காரம் பார்த்து மெதுவாகத் தின்னச் சொல்லிக் கடைக்கார அம்மா மலையாளத்தில் எச்சரித்தாள். சாலைக் கடைத்தெருவின் மிளகாய் மண்டிகளுக்கு நடுவே பிறந்தவனிடமா மிளகாய்க் கதை? மூன்று முறை வாங்கி வழித்துத் தின்றேன். பிறகு, நாகஸ்வரத்துக்குச் சீவாளி எப்படியோ அப்படிச் சாக்ஸபோனுக்கு இருக்கும் ரீடை, ஊறட்டும் என்று எடுத்து இடது கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு காரில் ஏறினேன். மண்டபம் வந்துதான் அதை எடுத்துக் குழலில் மாட்டினேன்.

"சிரியுங்க அண்ணாச்சி" என்றான் டிரம்ஸ்காரன், போனில் பக்கவாதத்தைக் கண்டுபிடிக்கும் ஏதோ வீடியோவைப் பார்த்துக்கொண்டே. சிரித்தேன். "ஐயோ, பாதிதான் வருது. ரெண்டு கையையும் தூக்குங்க." தூக்கினேன். அந்த வழியாக வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர், நான் ஆசீர்வாதம் செய்கிறேன் என்று நினைத்து, அவரும் இரண்டு கையையும் தூக்கிவிட்டுப் போனார்.

டிரம்ஸ்காரனை வீட்டுக்குப் போன் போட்டு என் காதில் பிடிக்கச் சொன்னேன். உயில் எழுதவில்லை, லாக்கர் சாவி எங்கே இருக்கிறது என்றாவது சொல்ல வேண்டுமே.

"ஷ்ட்ரோக்கு" என்றேன்.

"என்ன தின்னீங்க?" என்றாள் மனைவி.

"எனக்கு வாய் ஒரு பக்கமா..."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. என்ன தின்னீங்க?"

"கப்ப. காந்தாரி."

"மோரைக் கொப்பளிங்க. கையைக் கீழ போடுங்க, எப்படியும் தூக்கிட்டுத்தான் நிப்பீங்க" என்று வைத்துவிட்டாள். கை அப்போதுதான் கீழே வந்தது. அடுத்த நொடியே காலும் கண்ணாடியும் குணமாகிவிட்டன. ஆனால் உதடு மட்டும் வரவில்லை. சமையல்கட்டில் மோர் வாங்கிக் கொப்பளித்தும் பயனில்லை. மேடைக்குப் போய் ஊதிப் பார்த்தேன். இடது ஓரம் காற்றை ஒழுகவிட்டு, வாத்து தும்மியதுபோல் ஒரு சத்தம்.

அதே நேரம் வாசல் கதவு திறந்தது. பெண் வந்து நின்றாள். மெட்டுக்காகக் காத்து நின்றாள். மண்டபம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்தது. நான் இரண்டாவது வாத்தை விட்டேன். அவள் ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. அவள் பின்னால் கார் தெரிந்தது.

எங்கிருந்து வந்தார் என்று தெரியவில்லை, பட்டு வேட்டியும் சந்தனமுமாகச் சார் மேடையில் நின்றார். "கொண்டா டே, இங்க" என்று என் கழுத்தில் இருந்து குழலைக் கழற்றினார். பழக்கம் விடுமா, ரீடை நாக்கால் நன்றாக, இரண்டு முறை, மேலும் கீழும் நனைத்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ரீடு முக்கால் மணி நேரமாக எதில் ஊறியது என்று.

"சார், அந்த ரீடு!" என்று கத்தினேன். வாயில் வந்தது, "ஷா, வீவு."

சார் ஊதிவிட்டார். முதல் வரி சுத்தமாக வந்தது. இரண்டாவது வரியில் கண் சிவந்தது. மூன்றாவதில் கண்ணீர் பொலபொலவென்று கன்னத்தில் இறங்கியது. மூக்கும் சேர்ந்துகொண்டது. மனுஷன் ஒரு ஸ்வரம் விடவில்லை. பெண் நடக்கத் தொடங்கினாள். நடுவழியில் அவளும் அழுதாள். முதல் வரிசை அழுதது. குழலைத் தொடாதே என்று சொன்ன அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். இவ்வளவு பேரும் என் மிளகாயால் அழுகிறார்கள் என்ற திகிலில் என் இரண்டு கையும் மறுபடி மேலே போய்விட்டன.

மேடை ஏறிய பெண் தன் கைக்குட்டையால் அவர் முகத்தைத் துடைத்தாள். "அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை மாமா" என்று பிறகு என்னிடம் சொன்னாள். "ஆவாவ்" என்றேன். அதற்கு மேல் வாய்க்கு வசதி இல்லை.

பந்தியில் போளி விழுந்து, அதன்மேல் பால்பாயசம் விழுந்தபோது உதட்டுக்கு உயிர் வந்தது. கடித்துக்கொண்டேன், அதனால் தெரியும். நிமிர்ந்தால் சார் எதிரில் நிற்கிறார். உதடு இரண்டும் வெற்றிலை போட்டதுபோல் சிவந்து வீங்கியிருந்தது. குனிந்து என் காதருகே வந்தார். மேடைக்கு முன் சாப்பிட்ட குற்றத்துக்குப் பேண்டில் இருந்து நீக்கப் போகிறார் என்று போளியைக் கீழே வைத்தேன்.

"பொண்ணுகிட்ட காந்தாரியைப் பத்தி மூச்சு விடக்கூடாது, கேட்டியா?"

"இல்ல சார்."

சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"எந்தக் கடைடே அது?"