அரை மணி நேரத்துக்கு நல்ல கால்

அன்று அந்த அறையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன்.

டாக்டர் அம்மா. நாய்க்குச் சொந்தக்காரர். அவருடைய மனைவி. மேஜைமேல் போர்வையில் படுத்திருந்த அவர்களுடைய கறுப்பு லாப்ரடார். கதவோரத்தில் நான்.

வேறு யாரும் இல்லை. நடந்ததைப் பார்த்தவர்கள் இவ்வளவு பேர்தான்.

நான் எட்டாவது வரை படித்தவன். வேலூர்ப் பக்கம். பட்டாளத்தில் பதினேழு வருஷம் நாய்களோடு இருந்தேன். வெளியே வந்தபிறகு டெல்லியிலேயே தங்கிவிட்டேன். நாய்களுக்குப் பிசியோதெரபி செய்கிற இடம் ஒன்றில் வேலை. ஓடுகிற நாய், தாண்டுகிற நாய், உடம்பு போட்டுவிட்ட நாய் எல்லாம் வரும். அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் பாதி வேலை. அடிபட்டதைத் தேற்றுவது மீதி. கண்ணாடித் தொட்டி ஒன்று உண்டு. அடியில் பெல்ட் ஓடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நாய் நடக்கும். தண்ணீர் பாரத்தைத் தாங்கிக்கொள்ளும், மூட்டுக்கு வலிக்காது. தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பது நான். அமுக்கிவிடுவதும் நீட்டி மடக்கிவிடுவதும் என் கை.

அந்தக் கறுப்பு நாய்க்கு வயது ஐந்து. பெட்டை. தடை தாண்டும் போட்டிகளுக்குப் போகிற நாய். சொந்தக்காரர் மத்திய சர்க்காரில் அதிகாரி. சாணக்யபுரியில் குவார்ட்டர்ஸ், மூன்றாவது மாடி. அவருடைய அப்பா திருநெல்வேலிக்காரர், இவர் பிறந்து வளர்ந்தது இங்கே டெல்லி கரோல் பாக்கில். ஒரு நாள் நான் நாயிடம் "வா கண்ணு" என்று சொன்னதைக் கேட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, நம்மாளா நீங்க? அச்சா! இவ்வளவு நாளா தெரியாமப் போச்சே."

அன்றிலிருந்து நான் அண்ணாச்சி. அவர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், ஆனால் பெரிய உத்தியோகம். ஐ.என்.ஏ. மார்க்கெட் போனால் எனக்கும் சேர்த்துக் காப்பித் தூள் வாங்கி வருவார். ஒரு தரம் கருவாடு வாங்கி வந்தார். அந்தப் பொட்டலத்தைப் பார்த்துத் அங்கே இருந்த நாயெல்லாம் குரைத்தன. டாக்டர் அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

குளிர் தொடங்கும்போது நான்தான் முதலில் கண்டேன். தொட்டியிலிருந்து வெளியே வந்த நாய் சிமென்ட் தரையில் ஈரக்காலோடு நடந்தது. மூன்று காலின் தடம் முழுசாக விழுந்தது. வலது பின்காலின் தடம் மட்டும் பாதி. பாரத்தை அந்தக் காலில் போடவில்லை. டேப்பை எடுத்துத் தொடையை அளந்தேன். இடதைவிட வலது ஒரு விரல்கடை சிறுத்திருந்தது.

டாக்டர் அம்மா பரிசோதித்துப் பார்த்தார்கள். முழங்காலுக்குள் இருக்கிற நார் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. முழுசாக அறவில்லை. தாண்டாமல் ஓடாமல் வைத்துக்கொண்டால் தொடைச் சதையை ஏற்றிவிடலாம், ஆபரேஷன் இல்லாமல் காலைக் காப்பாற்றலாம் என்றார்கள். மூன்று மாதம்.

வெளியே வந்ததும் அவர் என்னைக் கேட்டார். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நெஜமாவே மூணு மாசமா?"

"ஆமா சார். ஒரு தாண்டு கூடாது. சோபா மேலகூட ஏற விடாதீங்க."

"நீங்க சொல்லிட்டீங்கல்லா. மீறுவேனா?"

எங்கள் இடத்தில் ஒரு சட்டம் உண்டு. கை வேலை வெளியே போகக்கூடாது. வீட்டுக்காரர்களுக்கு நடை சொல்லிக்கொடுக்கலாம், சாப்பாடு சொல்லலாம். அமுக்குகிற வித்தையைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது. காரணம் உண்டு. சூடு கொடுத்து, தொடையைச் சரியான இடத்தில் பிடித்துவிட்டு, மெதுவாக மடக்கி நீட்டினால் வலி தூங்கிப்போகும். நொண்டல் தெரியாது. நாய்க்குக் கால் ஆறிவிட்டது என்று நினைப்பு வந்துவிடும். வலி திரும்பும்வரை அது எதையும் செய்யும். டாக்டர் அம்மா இதை என்னிடம் நூறு தரம் சொல்லியிருக்கிறார்கள். பட்டாளத்திலும் இதே சட்டம்தான்.

அந்தச் சட்டத்தை நான் மீறினேன்.

நாய்க்குச் சொந்தக்காரர் போன் செய்தார். காலையில் நாய் எழுந்திருக்க முடியாமல் முனகுகிறது, லிஃப்ட் பாதி நாள் ஓடுவதில்லை, மூன்று மாடி தூக்கிக்கொண்டு இறங்கி தன் முதுகு போய்விட்டது என்றார். "நம்மாளு நீங்க இருக்கையில நான் யார்கிட்டப் போய் நிப்பேன், அண்ணாச்சி?"

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஹாலில் ஜமுக்காளம் விரித்து நாயைப் படுக்கவைத்தார்கள். வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து தொடையில் போட்டேன். அவருடைய கட்டைவிரலைப் பிடித்து, எங்கே அழுத்த வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது என்று காட்டினேன். கெட்டிக்காரர். இரண்டு தரத்தில் பிடித்துக்கொண்டார்.

மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தார்கள். "எனக்கு ஒரு நாள் கால் அமுக்கிவிட்டதில்ல, அண்ணா. நாய்க்குன்னா எப்படிக் கத்துக்கறார் பாருங்க."

"ஒனக்கு நாலு காலா இருக்கு?" என்றார் அவர்.

"இருந்தா எப்பவோ ஓடியிருப்பேன்."

மூன்று பேரும் சிரித்தோம். நாய் எழுந்து நடந்தது. நொண்டவில்லை. வாலை ஆட்டிக்கொண்டு என் முழங்கையை நக்கியது.

நான் சொன்னேன். "சார், இது ஆத்தாது. மறைக்கும். அவ்ளோதான். படி எறங்கி ஒண்ணுக்குப் போயிட்டு வர்றதோட சரி."

"புரியுது, புரியுது." பிறகு கேட்டார். "எவ்வளவு நேரம் நிக்கும்?"

"அரை மணி."

படி இறங்குவதற்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். மூன்று மாடி இறங்க அரை மணி வேண்டாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை.

ஐந்து வாரம் நன்றாகப் போனது. தொடை கொஞ்சம் ஏறியது. தரையில் ஈரத்தடம் முக்கால் அளவு விழுந்தது. டாக்டர் அம்மா தலையை ஆட்டினார்கள். கால் பிழைத்துவிடும் என்று நானும் நம்பினேன். ஆறாவது வாரம் திங்கட்கிழமை காலை, போர்வையில் போட்டுத் தூக்கிவந்தார்கள். வலது பின்கால் தொங்கியது.

அப்போதுதான் நான் முதலில் சொன்ன அந்த அறை.

டாக்டர் அம்மா தொடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கீழ் எலும்பை முன்னால் இழுத்தார்கள். மேஜை இழுப்பறை மாதிரி அது முன்னால் வந்தது. அப்படி வரக் கூடாது. எல்லோருக்கும் தெரியும்படி வந்தது.

"முழுசாக அறுந்துவிட்டது. என்ன நடந்தது?" டாக்டர் அம்மா பஞ்சாபிக்காரர். இந்தியில் கேட்டார்கள்.

சொந்தக்காரர் இந்தியில் பதில் சொன்னார். ஓட விடவில்லையாம். தாண்ட விடவில்லையாம். வாக்கிங் மட்டும்தானாம். பிறகு என் பக்கம் கையைக் காட்டினார்.

"யே ஆத்மி எங்க வீட்டுக்கு வந்தார். காலை அமுக்கினார், முறுக்கினார். தினமும் செய்யணும்னு சொல்லிக்கொடுத்தார். அதுக்கப்புறம்தான் இப்படி."

யே ஆத்மி. இந்த ஆள். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். என்னைப் பார்க்காமல் நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். தமிழில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட டாக்டர் அம்மாவுக்குப் புரிந்திருக்காது. சொல்லவில்லை.

மனைவி போர்வையின் ஓரத்தை மடித்தார்கள். பிரித்தார்கள். மறுபடி மடித்தார்கள்.

"நீங்க அவங்க வீட்டுக்குப் போனீங்களா?" டாக்டர் அம்மா என்னைக் கேட்டார்கள்.

"போனேன்."

"கை வேலை சொல்லிக்கொடுத்தீங்களா?"

"கொடுத்தேன்."

"ஏன்?"

எங்க ஊர்ப் பேச்சு பேசினார் என்று எப்படிச் சொல்வது. சொன்னால் என்ன புரியும். "காலையில முனகுதுன்னாங்க" என்றேன்.

நாய் என் குரல் கேட்டுத் தலையைத் தூக்கியது. நான் மேஜைப் பக்கம் போனேன். வழக்கம்போல வலது காலை என் கைக்கு நீட்டப் பார்த்தது. முடியவில்லை.

"வேண்டாம், தொடாதீங்க" என்றார்கள் டாக்டர் அம்மா.

அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் கேட்டதும் சரி, நான் சொன்னதும் நிஜம். என்னை வேலையைவிட்டு அனுப்பவும் இல்லை. நாய்களைத் தொடுகிற வேலையை மட்டும் எடுத்துவிட்டார்கள். தொட்டியைக் கழுவுவது, துண்டு உலர்த்துவது, தரை துடைப்பது. செய்தேன்.

நாய்க்கு ஆபரேஷன் நடந்தது. எலும்பை அறுத்துத் தகடு வைத்தார்கள். தையல் பிரித்தபிறகு எங்களிடமே திரும்பவும் கொண்டுவந்தார்கள். வேறு ஒருவர் அதைத் தொட்டியில் நடத்தினார். நான் தரை துடைத்தேன். ஈரத்தடம் மூன்றுதான் விழுந்தது. நாலாவது இடத்தில் நகம் இழுத்த கோடு. அதையும் துடைத்தேன்.

சொந்தக்காரர் என்னைக் கடந்து போகும்போது "நமஸ்தே" என்பார். நானும் "நமஸ்தே" என்பேன்.

ஒரு நாள் மனைவி மட்டும் வந்தார்கள். நாய் தொட்டிக்குள் இருந்தது. நான் மொட்டைமாடியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மேலே ஏறி வந்தார்கள்.

"அண்ணா."

"சொல்லுங்கம்மா."

"அன்னிக்கே நான் வாயைத் திறந்திருக்கணும். அவரு முன்னாடி முடியல. ரெண்டு வருஷமா அந்தக் கப்பு வேணும்னு இருந்தார்."

"எந்தக் கப்பு?"

போனை என் கையில் கொடுத்தார்கள். வீடியோ. அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, போட்டி மைதானம். காருக்குப் பின்னால் அவர் குந்தியிருக்கிறார். பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றித் துணியைப் பிழிகிறார். தொடையில் போடுகிறார். கட்டைவிரலை வைக்கிறார். நான் காட்டிய அதே இடம், அதே அழுத்தம், அதே எண்ணிக்கை. ஒரு குறை சொல்ல முடியாது. நாய் கண்ணை மூடிக்கொள்கிறது. எழுந்து நடக்கிறது. நொண்டவில்லை.

பிறகு மைதானத்துக்குள் விடுகிறார். கம்பு கம்பாகத் தடைகள். நாய் சந்தோஷமாக ஓடுகிறது. அதற்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது. "சபாஷ் பாப்பா, சபாஷ், ஜல்தி" என்று ஒரு பெண்குரல். படம் எடுத்தது யார் என்று அப்போது தெரிந்தது. அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர்கள் கயிற்றில் தொங்கிய துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசித் தடையைத் தாண்டி இறங்கும்போது ஒரு கத்தல். மூன்று காலில் நிற்கிறது. அவர் ஓடி வருகிறார். படம் அங்கே நின்றுவிட்டது.

"டாக்டர்கிட்டக் காட்டட்டுமா, அண்ணா? நீங்க சொன்னா காட்டறேன்."

"அது உங்க இஷ்டம்மா."

அவர்கள் போனைத் திருப்பிக் கேட்கவில்லை. நான் மறுபடி ஓட விட்டுப் பார்த்தேன். முதல் தரம் நாயைப் பார்த்தேன். இரண்டாம் தரம் அந்தக் கட்டைவிரலை. மூன்றாம் தரம் தாண்டியதை எண்ணினேன். ஒன்றுகூடக் கூடாது என்று சொல்லியிருந்தேன்.

பதினான்கு.