கல்யாண போட்டோவில் சிவப்பு வட்டம்

எங்கள் கல்யாண போட்டோவில் என் கால்களைச் சுற்றி சிவப்பு மையில் ஒரு வட்டம் இருக்கிறது. யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

எண்பதுகளில், திண்டிவனத்தில் வெளிநாட்டுக்குச் செருப்பு தைக்கும் பட்டறையில் நான் தோல் வெட்டினேன். எங்கள் மேஸ்திரிதான் பட்டறைக்கு முதலாளியும். யாரையும் நம்பமாட்டார். சாயங்காலம் வாசலில் நின்று ஒவ்வொருவர் பையையும் கொட்டிப் பார்ப்பார். "உம்மேல சந்தேகம் இல்லப்பா, பைமேலதான்" என்பார். மூன்று வார் பின்னிய செருப்பு அவரே யோசித்துச் செய்தது. அதற்குக் காவல் இன்னும் அதிகம்.

அந்தச் செருப்பைப் பற்றித்தான் பிரான்சிலிருந்து கடிதம் வந்தது. எங்களிடம் வாங்க இருந்த கம்பெனியே அந்த டிசைனைத் தன் பேரில் அங்கே பதிந்துவிட்டதாம். இனி நாங்கள் யாருக்கு அனுப்பினாலும் காப்பி என்று பிடித்துவிடுவார்களாம். கட்டிய சரக்கு அப்படியே கிடந்தது. "எவன்டா மாதிரிய வித்தது?" என்று மேஸ்திரி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். என் மச்சானுக்குப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வீட்டில் சமையல் வேலை. அதனால் என் முகத்தில் அவர் பார்வை கொஞ்சம் அதிகம் நின்றது. பட்டறையில் சேர்ந்து சாப்பிடுவது நின்றுபோனது.

பாண்டிச்சேரி வக்கீலிடம் போகும்போது என்னையும் கூட்டிப்போனார், கண்ணெதிரே இருக்கட்டும் என்று. வக்கீல் கேட்டார்: "மொத ஜோடி யாருக்குப் போச்சு?"

"மாதிரி பாக்கச் சொல்லி நான்தாங்க அந்தக் கம்பெனிக்கு அனுப்பினேன்" என்றார் மேஸ்திரி.

"அவங்க பதியறதுக்கு முன்னாடியே இங்க யாராவது இதப் போட்டுக்கினு நடந்திருந்தா அந்தப் பதிவு நிக்காது. தேதியோட அத்தாட்சி வேணும்."

"ஒரு ஜோடிகூட வெளிய உடலீங்களே."

என்னிடம் இருந்தது. அவர்கள் பதிவதற்கு மூன்று மாதம் முன்னால் முகையூர் மாதா கோயிலில் எனக்குக் கல்யாணம். தையல் கோணலானதால் ஒதுக்கிய ஜோடி ஒன்றைக் கேட்காமல் எடுத்துப் போயிருந்தேன். அதைப் போட்டுக்கொண்டு விழுப்புரம் ஸ்டூடியோவில் எடுத்த படம், பின்னால் தேதி முத்திரையோடு வீட்டில் இருந்தது. காட்டினால் சரக்கு போகும். நான் திருடன், வேலையும் போகும். இரண்டு நாள் பேசாமல் தோல் வெட்டினேன். மூன்றாம் நாள் கொடுத்தேன்.

படத்தில் மணப்பெண் முகத்தை மேஸ்திரி பார்க்கவில்லை. என் காலைத்தான் பார்த்தார்.

"எப்படிடா எடுத்துக்கினு போனே?"

"கால்ல போட்டுக்கினுதாங்க. நீங்க பையத்தானே பாத்தீங்க."

வக்கீல் படத்தில் வட்டம் போட்டு அந்தக் கம்பெனிக்கு அனுப்பினார். கம்பெனி பின்வாங்கியது, படமும் திரும்பி வந்தது. சரக்கு வேறு ஆளுக்குப் போனது. எனக்கு வேலை போகவில்லை. ஆனால் மறுநாளிலிருந்து வாசலில் என்னிடம் மட்டும், "பை வாணாம், கால காட்டு" என்பார். அங்கே இருந்தவரை காட்டினேன்.

போன மாதம் பிரதி எடுக்கக் கொண்டுபோனபோது ஒரு ஸ்டூடியோக்காரர் அந்த வட்டத்தைக் கம்ப்யூட்டரில் அழித்துத் தருவதாகச் சொன்னார். "அசல வச்சிட்டுப் போங்க, ரெண்டு நாள்ல தரேன்" என்றார். அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு போட்டோவை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.